கேப்டனையே கைமாத்திட்டாங்க! ஐஸ் ஹாக்கி 'டிரேட் டெட்லைன்' நாளில் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணி. நம்மூர்க் கணக்கில் நள்ளிரவு தாண்டி 1.30. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்-லில், அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு முடியும் நேரம் அது. கெடு முடிந்த கையோடு ஒரு செய்தி வெளியே வந்தது. பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணி, தன் கேப்டன் பிராட் மார்ஷண்டை ஃப்ளோரிடா பாந்தர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது.

பதிலுக்கு பாஸ்டனுக்கு என்ன கிடைத்தது? ஒரு வீரர்கூடக் கிடையாது. 2027-ல் ஓர் இளம் வீரரைத் தேர்வு செய்துகொள்ளும் உரிமை. அதுவும் இரண்டாம் சுற்றில். அதற்கும் ஒரு நிபந்தனை. (அந்த நிபந்தனைதான் இந்தக் கதையின் சுவாரஸ்யமே. கொஞ்சம் பொறுங்கள், வருவோம்.)

மார்ஷண்டுக்கு அப்போது வயது 36. பாஸ்டனில் 16 சீசன், 1,090 ஆட்டம், 422 கோல். வேறு எந்த என்.எச்.எல் அணியின் சட்டையையும் போட்டதில்லை. 2011-ல் பாஸ்டன் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்து, 2025 வரை அங்கேயே மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவர்தான். அப்படிப்பட்டவரை ஒரு போன் காலில் அனுப்பிவிட்டார்கள் என்று பாஸ்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். இன்னொரு பக்கம், 'இது பிசினஸ், சென்டிமென்ட் பார்த்தா டீமை நடத்த முடியாது' என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களும் அதே பாஸ்டன் ரசிகர்கள்தான்.

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் வாக்கில் இந்தச் சண்டை ஏதோ ஒரு ஊரில் நடக்கிறது. 2025-ல் அது மற்ற ஆண்டுகளைவிடப் பெரிதாக நடந்தது.

அதென்ன டெட்லைன்?

முதலில் ஒரு விளக்கம். இது புல்வெளியில் ஆடும் நம்ம ஹாக்கி அல்ல. பனித்தரையில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் 'பக்' எனும் தட்டையான ரப்பர் வட்டை அடித்து ஆடுவது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் சீசனில் 82 ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை இழுக்கும். பிறகு 16 அணிகள் ப்ளேஆஃப் ஆடும். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். நான்கு ஜெயித்தால் அடுத்த சுற்று. நான்கு சுற்று தாண்டினால் கோப்பை.

டெட்லைன் வருவது சீசன் முடிய ஆறேழு வாரம் இருக்கும்போது. அதற்குப் பிறகு வாங்கப்படும் வீரர் அந்த சீசனில் புதிய அணிக்கு ஆட முடியாது. அதனால் எல்லாப் பேரமும் கடைசி சில நாட்களில் வந்து குவிகிறது. கனடாவின் விளையாட்டு சேனல்கள் தேர்தல் முடிவு நாள் மாதிரி காலையிலிருந்து நேரலை போடும். கோட் சூட் போட்ட நிபுணர்கள் கேமரா முன்னாலேயே போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது பாதி புரியும். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை சென்னை வாங்கியபோது இங்கே எழுந்த சத்தம் யாருக்கும் மறந்திருக்காது. ஆனால் இரண்டு வித்தியாசம். ஐபிஎல் டிரேட் நடப்பது சீசன் இல்லாத காலத்தில். அதோடு, வீரர் சம்மதம் இல்லாமல் அங்கே டிரேட் நடக்காது. ஐஸ் ஹாக்கியில் அப்படியில்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, வீரரின் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. நேற்று இரவு ஒரு ஊரில் ஆடியவர், நாளை இரவு 3,000 கிலோமீட்டர் தள்ளி வேறு சட்டையில் ஆட வேண்டியிருக்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை, வாடகை வீடு எல்லாம் பழைய ஊரிலேயே இருக்கும்.

யார் வாங்குறாங்க, யார் விக்கிறாங்க?

பிப்ரவரி வந்தாலே அணிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். கோப்பைக் கனவு உள்ளவர்கள் வாங்குவார்கள். இந்த ஆண்டு தேறாது என்று முடிவு கட்டியவர்கள் விற்பார்கள். விற்பவர்கள் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. இளம் வீரர்களையும், வருங்கால டிராஃப்டில் புதுமுகங்களைத் தேர்வு செய்யும் உரிமைகளையும் கேட்பார்கள். சுருக்கமாக, ஒருவர் இன்றைக்காக நாளையை விற்கிறார். இன்னொருவர் நாளைக்காக இன்றை விற்கிறார்.

இதில் அதிகம் கைமாறுவது, அந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடியும் வீரர்கள். இவர்களுக்கு 'ரென்டல்' என்றே பெயர். வாடகை சைக்கிள் மாதிரி மூன்று மாதம் ஓட்டிவிட்டு விட்டுவிடலாம். ஒரு மனிதரை இப்படிக் கூப்பிடுவதில் யாருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே சம்பள உச்சவரம்பு. 2024-25 சீசனில் ஓர் அணி தன் வீரர்களுக்காகச் செலவழிக்க முடிந்த அதிகபட்சம் 8.8 கோடி டாலர். எவ்வளவு பெரிய பணக்கார முதலாளியாக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது. எனவே ஒரு நட்சத்திரம் சம்பள உயர்வு கேட்டால் அணிக்குள் வேறு யாரோ ஒருவருக்கு இடமில்லாமல் போகும். இந்த ஒரு விதி ரசிகர்களையே கணக்குப்பிள்ளைகளாக மாற்றிவிட்டது. இன்றைய ஐஸ் ஹாக்கி ரசிகருக்குத் தன் அணியில் யார் எத்தனை கோல் அடித்தார் என்பது தெரிகிறதோ இல்லையோ, யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பது அத்துப்படி.

சரி, மார்ஷண்டுக்கு என்ன இவ்வளவு மவுசு?

அவர் நல்ல பிள்ளை எல்லாம் கிடையாது. உயரம் குறைவு, வாய் அதிகம், சேட்டை அதைவிட அதிகம். 2018 ப்ளேஆஃபில் எதிரணி வீரர்களின் முகத்தை நாக்கால் நக்கி லீகிடம் எச்சரிக்கை வாங்கியவர். (ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.) எதிரணி ரசிகர்கள் வைத்த பெயர் 'எலி'. 2011 கோப்பையை வென்ற அணி வெள்ளை மாளிகைக்குப் போனபோது, அதிபர் ஒபாமாவே அவரை 'குட்டி வெறுப்பு உருண்டை' என்ற பட்டப்பெயரால் குறிப்பிட்டுச் சிரித்தார்.

2006 டிராஃப்டில் 71-வது ஆளாகத் தேர்வானவர். அந்த இடத்தில் தேர்வாகிறவர்கள் பெரும்பாலும் காணாமல் போவார்கள். இவர் நான்காம் வரிசை ஆட்டக்காரராக உள்ளே வந்து, கோல் அடிக்கக் கற்று, 2023-ல் பாட்ரிஸ் பெர்ஜெரான் ஓய்வு பெற்றதும் கேப்டன் ஆனார். ஊரே திட்டும் ஒருவன் நம்ம வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும்? பாஸ்டனுக்கும் அவருக்கும் இருந்தது அந்த மாதிரி உறவு. அவரைத் திட்டும் உரிமைகூடத் தங்களுக்கு மட்டுமே என்று நினைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

பாஸ்டன் போட்ட கணக்கு

நியாயமாகப் பார்த்தால், பாஸ்டன் நிர்வாகத்தின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. 2022-23-ல் 65 வெற்றி, 135 புள்ளிகள் என்று லீக் வரலாற்றிலேயே சிறந்த சீசனை ஆடிய அணி அது. ஆனால் அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே, 3-1 என்று முன்னிலையில் இருந்தும், ஃப்ளோரிடாவிடம் தோற்று வெளியேறியது. 2024-ல் மறுபடியும் ஃப்ளோரிடாவிடமே தோல்வி. 2025 மார்ச்சில் அணி சரிந்துகொண்டிருந்தது. மார்ஷண்ட் காயத்தில் இருந்தார். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. புது ஒப்பந்தத்துக்கான பேச்சு படியவில்லை. சும்மா போக விடுவதைவிட ஏதாவது வாங்கிக்கொள்ளலாமே என்பது பொது மேலாளர் டான் ஸ்வீனியின் கணக்கு.

மார்ஷண்ட் மட்டுமல்ல. அந்த ஒரே வாரத்தில் சார்லி காயில் கொலராடோவுக்கு, பிராண்டன் கார்லோ டொரன்டோவுக்கு, டிரென்ட் ஃபிரெடரிக் எட்மன்டனுக்கு என்று அணியின் பாதி முகம் மாறிப்போனது. அந்த சீசனில் பாஸ்டன் தன் பிரிவில் கடைசி இடம். 2016-க்குப் பிறகு முதல்முறையாக ப்ளேஆஃபும் இல்லை. அதற்குப் பரிசாக, வரும் டிராஃப்டில் 7-வது இடம் கிடைத்து, ஜேம்ஸ் ஹேகன்ஸ் என்ற இளைஞரை எடுத்தார்கள். பேப்பரில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆனால் ரசிகர்கள் கேட்டது பேப்பர் கேள்வி இல்லை. 63-ம் எண் சட்டையை வாங்கிக் குழந்தைக்குப் போட்டுவிட்டவர் கேட்டது வேறு: 'இவரையே அனுப்புவீங்கன்னா, நாங்க யாரை நம்பி இந்த அணியோட இருக்கிறது?' இந்தக் கேள்வியை 'உணர்ச்சிவசப்படுறாங்க' என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அணி விற்பது அந்த உணர்ச்சியைத்தான். டிக்கெட்டும், சட்டையும், சேனல் சந்தாவும் அதை வைத்தே ஓடுகின்றன. ரசிகரிடம் வாங்கும்போது விசுவாசம், வீரரை விற்கும்போது மட்டும் வியாபாரம் என்பது ஒரு பக்கக் கணக்கு.

அந்த நிபந்தனை என்னன்னா...

இப்போது அந்த நிபந்தனைக்கு வரலாம். ஃப்ளோரிடா அந்த ஆண்டு ப்ளேஆஃபில் இரண்டு சுற்று ஜெயித்து, அதில் குறைந்தது பாதி ஆட்டங்களில் மார்ஷண்ட் ஆடியிருந்தால், பாஸ்டனுக்குக் கிடைக்கும் இரண்டாம் சுற்றுத் தேர்வு முதல் சுற்றுத் தேர்வாக உயரும். அதாவது தங்களைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நாக்-அவுட் செய்த அதே ஃப்ளோரிடா ஜெயிக்க வேண்டும் என்று பாஸ்டன் ரசிகர்கள் வேண்டிக்கொள்ள வேண்டும்!

இதைவிடக் கொடுமையான ஒப்பந்தத்தை வேண்டுமென்றே எழுதியிருக்க முடியாது. 2023 தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், ஆட்ட நேரம் முடியும் கடைசி விநாடிகளில், தனியாகக் கோலை நோக்கிப் பாய்ந்த மார்ஷண்டின் அடியைத் தடுத்து நிறுத்தியது ஃப்ளோரிடா கோல்கீப்பர் போப்ரோவ்ஸ்கி. அது உள்ளே போயிருந்தால் தொடரே முடிந்திருக்கும். 2024-ல் மார்ஷண்டைக் காயப்படுத்தி வெளியே உட்கார வைத்தது அதே அணியின் சாம் பென்னட். பாஸ்டன் முழுக்க பென்னட் பெயரைச் சொல்லித் திட்டியது. இப்போது மார்ஷண்டும் பென்னட்டும் ஒரே உடைமாற்றும் அறையில்!

நடந்தது என்ன? முதல் சுற்றில் டாம்பா பே காலி. இரண்டாம் சுற்றில் டொரன்டோ. இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் 1967-க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. 2013, 2018, 2019, 2024 என்று நான்கு முறை ஏழாவது ஆட்டம் வரை போய் பாஸ்டனிடம் தோற்றவர்கள். நான்கிலும் எதிரே நின்றவர்களில் ஒருவர் மார்ஷண்ட். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு லீஃப்ஸ் ஆட்டம் பார்க்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. அவர் பாஸ்டனை விட்டுப் போனதும் 'அப்பாடா' என்று இருந்திருப்பார்கள். மே மாதம் அவர் ஃப்ளோரிடா சட்டையில் மறுபடி டொரன்டோவுக்கு வந்தார். மூன்றாவது ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் அவரே கோல் அடித்து முடித்தார். தொடர் மறுபடி ஏழாவது ஆட்டத்துக்குப் போனது. முடிவு 6-1, ஃப்ளோரிடாவுக்கு. டொரன்டோவுக்கு எதிராக ஏழாவது ஆட்டங்களில் மார்ஷண்டின் கணக்கு 5-0.

அன்றைக்கே பாஸ்டனின் இரண்டாம் சுற்றுத் தேர்வு முதல் சுற்றாக உயர்வதற்கு வழி திறந்துவிட்டது. ஃப்ளோரிடா அதோடு நிற்கவில்லை. அரையிறுதியில் கரோலைனா, இறுதியில் எட்மன்டன். இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தை இரண்டாம் கூடுதல் நேரத்தில் முடித்துவைத்ததும் மார்ஷண்ட்தான். அந்தத் தொடரில் மட்டும் 6 கோல், மொத்த ப்ளேஆஃபில் 10. ஜூன் 17 அன்று, 37 வயதில், அவர் கையில் இரண்டாவது முறையாக ஸ்டான்லி கோப்பை. ப்ளேஆஃபின் சிறந்த வீரர் விருது யாருக்கு? சாம் பென்னட்டுக்கு!

ஃப்ளோரிடாவில் ஆட்டம் ஜெயித்தால் ரசிகர்கள் பிளாஸ்டிக் எலி வீசுவது 1995-96-லிருந்து வரும் வழக்கம். உடைமாற்றும் அறைக்குள் வந்த எலியை ஒரு வீரர் மட்டையால் அடித்ததில் தொடங்கிய பழக்கம் அது. 'எலி' என்று வசை வாங்கிய ஆள் கடைசியில் எலியைக் கொண்டாடும் ஊருக்கே போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் சக வீரர்கள் அந்தப் பிளாஸ்டிக் எலிகளை மட்டையால் அவர்மீது அடித்து விளையாடினார்கள். பாஸ்டனில் இதை டிவியில் பார்த்தவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்? பழைய காதலியின் கல்யாண ஆல்பத்துக்கு லைக் போடும் நிலைதான்.

ஆறு வாரத்தில் மூணு அணி

அதே நாளில் இன்னொரு பெரிய டிரேட். மிக்கோ ராண்டனன் ஃபின்லாந்துக்காரர். கொலராடோ 2015-ல் தேர்வு செய்து, வளர்த்து, 2022-ல் கோப்பையும் வென்ற நட்சத்திரம். இவருடைய ஒப்பந்தமும் அந்தக் கோடையில் முடிவதாக இருந்தது. 2025 ஜனவரி 24 அன்று திடீரென்று கரோலைனாவுக்கு அனுப்பப்பட்டார். தனக்கு அது அதிர்ச்சி என்பதை அவர் மறைக்கவில்லை. கரோலைனாவில் 13 ஆட்டம், 2 கோல். அங்கே நீண்ட கால ஒப்பந்தம் போட அவருக்கு மனமில்லை. மார்ச் 7 அன்று கரோலைனா அவரை டாலஸுக்குக் கைமாற்றியது. டாலஸ் அன்றே 8 ஆண்டு, ஆண்டுக்குச் சராசரி 1.2 கோடி டாலர் என்று முடித்துவிட்டது.

ஆறு வாரத்தில் மூன்று ஊர், மூன்று சட்டை. சம்பளம் பெரிது என்பதால் பரிதாபப்பட வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கொலராடோ ரசிகர்களுக்குப் பரிதாபத்தைவிட எரிச்சல் அதிகம். அதற்குக் காரணம் மே 3.

முதல் சுற்றில் டாலஸும் கொலராடோவும் மோதின. ஏழாவது ஆட்டம். கடைசிப் பகுதியில் கொலராடோ 2-0 என்று முன்னிலை. அங்கிருந்து ராண்டனன் ஒரே பகுதியில் ஹாட்ரிக் அடித்தார். டாலஸ் 4-2. தன்னை 'விலை அதிகம்' என்று அனுப்பிய அணியை அவரே வீட்டுக்கு அனுப்பினார். சினிமாவில் வைத்தால் 'ஓவரா இருக்கு' என்று வெட்டச் சொல்லியிருப்பார்கள்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ராண்டனனுக்குப் பதிலாகக் கொலராடோவுக்குக் கிடைத்தவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் நெச்சாஸ். 2025 அக்டோபரில் அவருக்கும் எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்குச் சராசரி 1.15 கோடி டாலர். வித்தியாசம் 5 லட்சம்! டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது, கொலராடோவில் கேட்ட தொகை வேறாக இருந்திருக்கும், உச்சவரம்பு அதற்குள் 9.55 கோடி டாலராக உயர்ந்துவிட்டது என்று ஆயிரம் விளக்கம் தரலாம். எல்லாமே உண்மைதான். ஆனாலும், 'கணக்குத் தெரியாம பேசாதீங்க' என்று ரசிகர்களுக்குப் பாடம் எடுத்த நிர்வாகங்கள் எல்லா நேரமும் கணக்கில் புலிகள் இல்லை என்பதும் உண்மை.

ரே போர்க் கதை வேற மாதிரி

பாஸ்டனுக்கு இந்த வலி புதிதில்லை. 2000 மார்ச் 6 அன்று, 21-வது சீசன் ஆடிக்கொண்டிருந்த கேப்டன் ரே போர்க்கை கொலராடோவுக்கு அனுப்பினார்கள். ஆனால் அது அவரே கேட்டு நடந்தது. ஓய்வுக்கு முன் ஒரு கோப்பை வேண்டும். பாஸ்டனில் அது நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். 2001-ல் 40 வயதில் அவர் ஜெயித்தார். கேப்டன் ஜோ சாக்கிக், கோப்பையைத் தான் தூக்குவதற்கு முன் போர்க்கின் கையில் கொடுத்தார். சில நாட்களில் போர்க் அதை பாஸ்டன் நகர மன்ற வளாகத்துக்குக் கொண்டுவந்தார். வேறொரு ஊர் ஜெயித்த கோப்பையைக் கொண்டாட பாஸ்டன்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள்.

இதற்கு நேர் எதிர், 1988 ஆகஸ்டில் வேய்ன் கிரெட்ஸ்கியை எட்மன்டன் லாஸ் ஏஞ்சலிஸுக்கு விற்றது. அது டெட்லைன் டிரேட் அல்ல, கோடையில் நடந்தது. ஆனால் அணி முதலாளியின் கொடும்பாவியை எரித்தார்கள். கனடா நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அரசே தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்றுகூடக் கேட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரசிகர்கள் டிரேடையே வெறுப்பவர்கள் இல்லை என்பது தெரியும். வீரர் விரும்பிப் போனால் வழியனுப்பி வைக்கிறார்கள். துரத்தப்பட்டதாகத் தோன்றினால் கொதிக்கிறார்கள். மார்ஷண்ட் பாஸ்டனிலேயே இருந்து ஓய்வு பெற விரும்புவதை வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். அதனால்தான் 2025-ன் கோபம் 2000-ல் இல்லை.

ஒரு ஓட்டையை மட்டும் அடைச்சுட்டாங்க

2025 டெட்லைனில் மற்ற அணி ரசிகர்களின் கோபம் வேறு ஒரு விஷயத்தில் இருந்தது. ஃப்ளோரிடாவின் நட்சத்திரம் மேத்யூ டக்காச்சுக்கு பிப்ரவரியில் காயம். அவரை நீண்ட காலக் காயப் பட்டியலில் வைத்தால், அவருடைய 95 லட்சம் டாலர் சம்பளத்துக்கு ஈடாக வேறு ஆட்களை வாங்கிக்கொள்ளலாம். ஃப்ளோரிடா அந்த இடத்தில் சிகாகோவிலிருந்து செத் ஜோன்ஸையும், பாஸ்டனிலிருந்து மார்ஷண்டையும் கொண்டுவந்தது. ப்ளேஆஃபுக்கு உச்சவரம்பே கிடையாது என்பது அன்றைய விதி. எனவே ப்ளேஆஃப் முதல் ஆட்டத்தில் டக்காச் திரும்பி வந்தார். மூவரும் ஒரே அணியில் ஆடினார்கள். விதியை மீறவில்லை. ஆனால் உச்சவரம்பு எதற்கு என்ற கேள்வியை யாராலும் தவிர்க்க முடியவில்லை. ஃப்ளோரிடாவுக்கு முன்பே சில அணிகள் இதே வழியில் போயிருந்தன.

பல ஆண்டுகளாக ரசிகர்கள் கத்திக்கொண்டிருந்த இந்த விஷயத்தில் லீகும் வீரர் சங்கமும் கடைசியில் இறங்கி வந்தன. 2025-26 சீசனிலிருந்து ப்ளேஆஃபிலும் உச்சவரம்பு உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் களமிறங்கும் 20 பேரின் சம்பளம் அதற்குள் அடங்க வேண்டும். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இது அணிக்கும் அணிக்கும் இடையிலான நியாயம். வீரருக்கும் ரசிகருக்கும் இதில் எதுவும் இல்லை.

அவர்களுக்கானது வேறு ஒரு விளையாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க பேஸ்பால் லீகில், பத்து ஆண்டுகள் ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டுகள் ஒரே அணியில் இருந்த வீரரை அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. தானாக வந்துவிடும் உரிமை அது. ஐஸ் ஹாக்கியில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. பேரம் பேசும் பலம் உள்ளவர்கள், குறிப்பிட்ட வயதோ அனுபவமோ வந்த பிறகு, ஒப்பந்தத்தில் டிரேட் தடையை எழுதி வாங்கலாம். அதிலும் பாதிப் பேருக்கு 'இந்த அணிகளுக்கு மட்டும் அனுப்பக் கூடாது' என்ற அரைகுறைப் பட்டியலே கிடைக்கும்.

பேஸ்பாலின் அந்த விதியை அப்படியே கொண்டுவந்தால் ராண்டனனைக் காப்பாற்றியிருக்காது. அவருக்குப் பத்தாண்டுக் கணக்கு நிரம்பவில்லை. ஆனால் மார்ஷண்ட் விஷயத்தில் முடிவு அவர் கையில் இருந்திருக்கும். ஒருவேளை அவரே ஃப்ளோரிடாவுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அது ரே போர்க் கதை. பாஸ்டன் ரசிகர்கள் அழுதிருப்பார்கள்; கோபப்பட்டிருக்க மாட்டார்கள். அணிகள் இதனால் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை. இவ்வளவு காலம் ஒரே அணியில் நீடிக்கும் வீரர்கள் ஓர் அணிக்கு இரண்டு மூன்று பேர் தேறினாலே அதிகம். லீகும் வீரர் சங்கமும் அடுத்த முறை பேச உட்காரும்போது இதை மேசையில் வைக்க வேண்டும்.

'அப்படின்னா டெட்லைன் நாளோட த்ரில் போயிடுமே' என்று கேட்கலாம். போகாது. ரென்டல் வீரர்கள் இருப்பார்கள், தேர்வு உரிமைகள் கைமாறும், நிபுணர்கள் போனை நோண்டிக்கொண்டே இருப்பார்கள். பத்தாண்டு ஆடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பினால் கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மார்ஷண்ட் கோப்பை ஜெயித்த கையோடு ஃப்ளோரிடாவில் ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஆண்டுக்குச் சராசரி 52.5 லட்சம் டாலர். பாஸ்டனில் வாங்கிய 61.25 லட்சத்தைவிடக் குறைவு. பாஸ்டன் 2025-26 சீசனை கேப்டன் என்று யாரையும் நியமிக்காமல் தொடங்கியது.

2025 அக்டோபர் 21 அன்று ஃப்ளோரிடா சட்டையில் அவர் முதல்முறையாக பாஸ்டனில் ஆட வந்தார். அரங்கத்தின் பெரிய திரையில் அவருடைய 16 ஆண்டுகளை வீடியோவாக ஓட்டினார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. ஃப்ளோரிடா 4-3 என்று ஜெயித்தது.